சங்கத்தில் சேர்த்துத் தந்த காசை நகரசபை வேட்பாளர் வாங்கலாமா? (கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், 2022)

வார்டு_தொண்டர்:
எல்லோருக்கும் வணக்கம். ஒக்ரோபர் 24 நகரசபைத் தேர்தலில் எங்கள் வார்டில் போட்டியிடும் ஒரு அக்காவின் பிரசாரக் கணக்கை நான் பார்க்கிறேன். வேட்புமனு மே மாதமே கொடுத்தாயிற்று. பிரசாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் இருக்கிறது.

போன கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு அக்காவைப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடிந்ததும் சங்கத்தார் தங்களுக்குள் காசு சேர்த்து ஓர் உறையில் போட்டு என்னிடம் தந்தார்கள். 3,400 டொலர், முழுதும் தாள்காசு. கூடவே ஒரு பட்டியலும் இருக்கிறது. பெரும்பாலும் பெயரும் தொகையும் எழுதியிருக்கிறார்கள், ஓரிடத்தில் மட்டும் “நண்பர்கள் – 400”. உறை அப்படியே என்னிடம் இருக்கிறது, வங்கியில் போடவில்லை.

இதைச் சங்கத்தின் பெயரில் ஒரே பற்றுச்சீட்டு எழுதி வாங்கலாமா? இன்னும் இரண்டு விஷயம்: மண்டபம் வைத்திருக்கும் ஓர் அண்ணை எங்கள் நிதிசேர் விருந்துக்கு வாடகை வேண்டாம் என்கிறார். அச்சகம் நடத்தும் இன்னொருவர் துண்டுப்பிரசுரம் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்கிறார். யாரும் பதிலுக்கு எதையும் எதிர்பார்த்துத் தரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவார்கள் என்பதுதான் என் கவலை.

கணக்குக்காரி:
தம்பி, வங்கியில் போடாமல் வைத்திருப்பது நல்லது. அப்படியே இருக்கட்டும்.

ஒன்ராறியோவின் நகரசபைத் தேர்தல் சட்டப்படி (1996ஆம் ஆண்டுச் சட்டம், 2016இல் பெரிதாகத் திருத்தினார்கள்) நகரசபை வேட்பாளருக்குப் பணம் தரக்கூடியவர் ஒன்ராறியோவில் வசிக்கும் தனிநபர் மட்டுமே. கம்பனி தர முடியாது, தொழிற்சங்கம் தர முடியாது, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் எதுவும் தர முடியாது. அதனால் சங்கத்தின் பெயரில் பற்றுச்சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பட்டியலில் பெயர் இருப்பவர்களின் காசையும் இப்படியே வாங்க முடியாது. 25 டொலருக்கு மேல் தாள்காசாக வாங்கக் கூடாது. காசோலை, மணி ஓர்டர், ஈ-ட்ரான்ஸ்ஃபர், கார்ட் என்று யாரிடமிருந்து வந்தது எனத் தெளிவாகக் காட்டும் வழியில்தான் வர வேண்டும். ஆகவே முழு உறையையும் சங்கத்திடம் திருப்பிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு கையொப்பமும் வாங்கி வையுங்கள். அவர்கள் அவரவரிடம் காசைத் திருப்பிக் கொடுக்கட்டும். பிறகு விரும்புகிறவர் தன் சொந்தக் காசைத் தன் கணக்கிலிருந்து அனுப்பலாம். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் 1,200 டொலர் தரலாம். ஒரே சபைக்குப் போட்டியிடும் பலருக்கும் சேர்த்துக் கொடுத்தால் மொத்தம் 5,000ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு சிறிய தொகையானாலும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கிலிருந்து காசோலை வந்தால் அது ஒருவருடைய பங்களிப்புத்தான். யாருடையது என்று கேட்டு அவர் பெயரில் மட்டும் எழுதுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் கூட்டுக் கணக்குத்தான் என்பதால் இதில் கவனம் வேண்டும்.

பழைய_தொண்டன்:
அந்த 400 டொலர் பற்றி ஒரு சொல். வேட்பாளர் தரப்பு நடத்தும் நிதிசேர் நிகழ்வில் ஓர் உண்டியல் சுற்றி வந்தால், அதில் ஒருவர் போடும் 25 டொலரோ அதற்குக் குறைவோ பங்களிப்பாகக் கணக்கில் வராது. பிரசாரத்தின் பொது வருமானமாக எழுதலாம். அதை வைத்து “நண்பர்கள்” காசையும் அப்படிச் சேர்க்கலாமே என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். முடியாது. அது சங்கத்தின் ஒன்றுகூடல், அக்காவின் நிதிசேர் நிகழ்வு அல்ல. தந்தவர் யாரென்று தெரியாத காசு வேட்பாளர் கைக்கு வந்து, திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லையென்றால், தேர்தலை நடத்தும் அதிகாரியான நகரசபைக் கிளார்க்கிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அது நகரசபைக்கே போய்விடும். உங்கள் விஷயத்தில் தந்தது சங்கம் என்று தெரியும், அதனால் சங்கத்துக்கே திரும்பிப் போகலாம்.

கணக்குக்காரி:
மண்டபமும் அச்சகமும் விட்டுப்போயின. பொருளும் சேவையும் காசைப் போலத்தான் பங்களிப்பு. மண்டபம் ஒரு கம்பனியின் பெயரில் இருந்தால் இலவச வாடகை என்பது கம்பனி தரும் நன்கொடை, ஆகவே கூடாது. பாதி வாடகை வாங்கினாலும் குறைத்த மீதிப் பாதி நன்கொடையே. வழக்கமாக மற்றவர்களிடம் வாங்கும் வாடகைக்கு விலைப்பட்டியல் கேளுங்கள், பிரசாரக் கணக்கிலிருந்து செலுத்துங்கள்.

அச்சகம் கம்பனியாகப் பதியாமல் அவருடைய தனித் தொழிலாக இருந்தால், அவர் தனிநபராகத் தரலாம், அதே 1,200 வரம்புக்குள். அதே வேலைக்கு அந்த வட்டாரத்தில் பொதுமக்களிடம் அவர் வாங்கும் மிகக் குறைந்த விலைதான் மதிப்பு. அந்த மதிப்புக்குப் பற்றுச்சீட்டு எழுதி, பிரசாரச் செலவிலும் காட்ட வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் வேட்பாளர் யாரென்று தெரிய வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆட்களின் உழைப்புக்கு இதெல்லாம் இல்லை. சம்பளம் வாங்காமல் கதவு தட்டுவது, தொலைபேசியில் அழைப்பது, கணக்குப் பார்ப்பது எதுவும் பங்களிப்பாக எண்ணப்படாது. மனம் நோகுமே என்று கவலைப்படுகிறீர்கள், அவர்களை வேலைக்குக் கூப்பிடுங்கள். சங்கத்தில் இருபது பேர் சனிக்கிழமைகளில் வந்தால் அந்த உறையை விட அக்காவுக்கு அதுதான் பெரிய உதவி.

புதிதாய்_வந்தவர்:
இடையில் ஒரு கேள்வி. நான் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை, நிரந்தர வதிவிடம்தான். என் பெயரும் அப்படியொரு பட்டியலில் இருக்கும். நான் தரலாமா? வருமான வரியில் இதற்குக் கழிவு கிடைக்குமா?

பழைய_தொண்டன்:
தரலாம். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். பணம் தர ஒன்ராறியோவில் வழக்கமாக வசிப்பவராக இருந்தால் போதும். வேறு மாகாணத்தில், மொன்றியலில் இருக்கும் உங்கள் மாமா கனடியக் குடிமகனாக இருந்தாலும் தர முடியாது, நீங்கள் தரலாம். இதைச் சரியாகத் தெரியாமல் எத்தனையோ பேர் ஒதுங்கி நிற்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வரிக் கழிவு கிடையாது. அது மத்திய, மாகாணத் தேர்தல்களுக்குத்தான். ரொறன்ரோ போன்ற சில நகரசபைகள் தந்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் வைத்திருக்கின்றன. உங்கள் நகரத்தில் உண்டா என்று கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவர் மொத்தமாக 100 டொலருக்கு மேல் தந்தால் பெயரும் முகவரியும் நிதி அறிக்கையில் வரும். அந்த அறிக்கையை யாரும் பார்க்கலாம். இதைத் தருவதற்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

வார்டு_தொண்டர்:
மிகவும் நன்றி. சங்கத் தலைவரிடம் பேசினேன். முதலில் முகம் சுருங்கியது. சட்டத்தில் உள்ளதைச் சொன்னதும், “அப்ப ஒவ்வொருத்தரும் தங்கட பேரிலயே குடுக்கட்டும், அதுதான் சரி” என்றார். உறையைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிட்டேன். மண்டபம் கம்பனி பெயரில் இருக்கிறது, வாடகை கட்டுவோம். அச்சகம் தனித் தொழில்.

சங்கத் தலைவர் இன்னொன்று சொன்னார்: சங்கமே தமிழ் வானொலியில் அக்காவுக்கு ஆதரவாக விளம்பரம் போடட்டுமா என்று. அதுவும் நன்கொடையா?

கணக்குக்காரி:
அக்கா சொல்லியோ அவரோடு கலந்து பேசியோ போட்டால் நன்கொடை, அதுவும் சங்கம் தருவது, கூடாது. அவர் தொடர்பே இல்லாமல் போடுவது மூன்றாம் தரப்பு விளம்பரம். அதற்குக் கிளார்க்கிடம் முதலில் பதிய வேண்டும், அதற்கும் தனிக் கணக்கு, செலவு வரம்பு, அறிக்கை எல்லாம் உண்டு. இப்போது தலைவர் உங்களிடமே கேட்டுவிட்டார், நீங்கள் அக்காவின் கணக்கைப் பார்ப்பவர். அதனால் தொடர்பில்லை என்று சொல்வது கடினம். என் யோசனை, வேண்டாம். விளம்பரம் வேண்டுமென்றால் அக்காவே பிரசாரக் கணக்கிலிருந்து போடட்டும்.

சங்கம் தொண்டு நிறுவனமாக மத்திய அரசிடம் பதிந்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் எந்த வேட்பாளரையும் நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவே கூடாது. பதிவே பறிபோகலாம். கோயில்களுக்கும் இதேதான்.

வார்டு_தொண்டர்:
பதிந்த தொண்டு நிறுவனம் இல்லை. ஆனாலும் வானொலி விளம்பரம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு நுழைவுச்சீட்டு 50 டொலர் வைக்கிறோம். அதுவும் பங்களிப்பா?

பழைய_தொண்டன்:
ஆம், சீட்டு விலை முழுதும் வாங்குபவரின் பங்களிப்பு. 50 என்பதால் வாசலில் தாள்காசு வாங்க முடியாது. ஒருவர் பத்துச் சீட்டு வாங்கினால் 500ம் அவர் பெயரில். அது 1,200க்குள் எண்ணப்படும். கம்பனிக் காசோலையில் சீட்டு வாங்க வருவார்கள், அதைத் திருப்பி அனுப்ப வாசலில் நிற்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கணக்குக்காரி:
அறிக்கைக்குக் கடைசி நாள் 2023 மார்ச் 31, பிற்பகல் 2 மணி. வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் உரிமம் பெற்ற கணக்காய்வாளரின் அறிக்கையும் சேர வேண்டும். அவரை டிசம்பரிலேயே பிடித்து வையுங்கள், மார்ச்சில் கிடைக்க மாட்டார்கள். அறிக்கை கொடுக்கத் தவறினால் வென்றவர் பதவியை இழப்பார், அடுத்த தேர்தலிலும் நிற்க முடியாது. ஆகவே பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விருந்துக்கு முன்பே தயாராக வையுங்கள், தம்பி.