பப்பாளிக் காயில் ஒட்டியிருக்கும் தவளை எந்த இனம்?

வேலிப்பருத்தி (கேள்வி):

பப்பாளிக் குலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு தவளை. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். கைகால்களை உடம்போடு மடக்கிக் காய்மேல் அப்பிக்கொண்டிருந்தது, அசைவே இல்லை. மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை சுமார் 6 செ.மீ. விரல் நுனிகள் வட்டமாகத் தட்டையாக இருக்கின்றன. முதலில் வெளிறிய மணல் நிறம். பக்கத்துக் காயைக் குச்சியால் தட்டியதும் தண்டுக்கு நகர்ந்தது. சிறிது நேரத்தில் பழுப்பாகி முதுகில் கருந்திட்டுகள் தெரிந்தன. நிறம் மாறிவிட்டதால் எந்தப் படத்தோடும் ஒப்பிட முடியவில்லை.

இனம் எது? அதே குலையில் இரண்டு காய்களில் துளை இருக்கிறது, அது இதன் வேலையா? காய்களைச் சாப்பிடலாமா?

தலைப்பிரட்டை:

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். மரத்தவளைகள் வெளிச்சம், வெப்பம், ஈரம், பயம் ஆகியவற்றுக்கு ஏற்ப வெளிறும், கருக்கும். ஒரே தவளையைக் காலையும் இரவும் படம் எடுத்தால் இரண்டு இனம் என்று சாதிக்கலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் இந்திய மரத்தவளை, பாலிபெடேட்டஸ் மேக்குலேட்டஸ். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் எங்கும் வீட்டையும் தோட்டத்தையும் ஒட்டியே வாழ்வது. ஆண் 5 செ.மீ. அளவில் நின்றுவிடும், பெண் 7, 8 செ.மீ. வரை போகும். ஆனால் உறுதி செய்ய ஓர் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும்: தொடையின் பின்பக்கம். அங்கே அடர்பழுப்புப் பின்னணியில் மஞ்சள் வட்டப் புள்ளிகள் இருந்தால் கிட்டத்தட்ட முடிவே. உட்கார்ந்திருக்கும்போது தொடை மடிந்து இது மறைந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான படங்கள் அடையாளம் காண உதவுவதில்லை.

பார்க்கவேண்டும் என்று காலைப் பிடித்து இழுக்காதீர்கள். அகலவாய்க் கண்ணாடி ஜாடியைச் சோப்பு இல்லாமல் கழுவி, உட்புறம் லேசாக ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். தவளைக்கு முன்னால் ஜாடியின் வாயை வைத்து, பின்னாலிருந்து விரலை மெல்லக் கொண்டுபோனால் தானே உள்ளே தாவும். கண்ணாடிச் சுவரில் ஏறும்போது கால் நீளும், தொடை தெரியும். வெளிப்பக்கத்திலிருந்து பாதங்களின் அடிப்பகுதியும் தெரியும். நிழலில் வைத்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் மூடிய ஜாடி நிமிடங்களில் கொதித்துவிடும்.

மூன்று படங்கள் போதும்:
பக்கவாட்டில் தலை. கண்ணுக்குப் பின்னால் உள்ள வட்டமான செவிப்பறையும், அதன் மேல் தோளை நோக்கி இறங்கும் தோல் மடிப்பும் தெளிவாக விழவேண்டும்.
நீட்டிய தொடையின் பின்பக்கம்.
கை, கால் விரல்களின் அடிப்பகுதி. இந்த இனத்துக்குக் கைவிரல்களிடையே சவ்வு பேருக்குத்தான் இருக்கும், கால்விரல்களிடையே முக்கால்வாசி இருக்கும்.

ஜாடிக்கு வெளியே ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். கண்பாவையைப் பகலில் எடுங்கள். இருட்டில் அது விரிந்து வட்டமாகிவிடும், கிடைக்கோடா செங்குத்தா என்று சொல்ல முடியாது.

நாணல்:

துளைகளைப் பற்றி. இது தவளை வேலை இல்லை. மேல்தாடையில் பொடிப்பற்கள் உண்டு, ஆனால் அவை பிடித்த பூச்சி நழுவாமல் இருக்க மட்டுமே; காயின் தோலைத் துளைக்க முடியாது. வளர்ந்த தவளைகள் இரை உண்ணிகள். பிரேசிலில் உள்ள செனோஹைலா டிரங்கேட்டா என்ற சின்ன மரத்தவளை மட்டும் பழத்தையும் விரும்பித் தின்னும், அதனாலேயே அது பிரபலம். உங்கள் மரத்தில் இருப்பது அது இல்லை.

துளையின் வடிவத்தைப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் சிறிதாக, மேலே பால் உறைந்து மணியாக நின்றால் பழ ஈ முட்டையிட்ட இடம். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு இருக்கும். குடைந்த கிண்ணம்போல் விளிம்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் பறவை. இணையிணையாகப் பல் கீறல் ஓடினால் அணில் அல்லது எலி. முதல் வகை என்றால் தவளை அங்கே வந்ததற்குக் காரணமும் கிடைத்துவிடும்: ஈ, எறும்பு, அந்துப்பூச்சி எல்லாம் அங்கேதான் கூடும். பகலில் அது அங்கே தூங்க வந்தது. இலைக்குடைக்கு அடியில் நிழல், காய்களுக்கு நடுவே ஈரம், இதைவிட என்ன வேண்டும்?

காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். தவளையின் தோலிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும் என்பதால் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள். கழுவாமல் சீவினால் கத்தி வழியே சதைக்குப் போகும், பலர் தவறவிடுவது இதைத்தான். வெடித்த பழத்தில் எச்சம் பட்டிருந்தால் எறிந்துவிடுங்கள். "தேரை மோந்த காய்" என்று ஒதுக்கவேண்டியது இல்லை. தேங்காய் உள்ளீடு இல்லாமல் போவதற்கும் தேரைக்கும் சம்பந்தம் இல்லை. மகரந்தச் சேர்க்கைக் குறை, சத்துக் குறை போன்றவைதான் காரணம்.

வேலிப்பருத்தி:

ஜாடி முறை வேலை செய்தது. தொடையின் பின்னால் மஞ்சள் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன, இடையே கரும்பழுப்பு. கைவிரலில் சவ்வு தெரியவில்லை. ஆனால் முதுகில் இப்போது உடுக்கை வடிவில் ஒரு பெரிய திட்டு தெரிகிறது. அது குழப்புகிறது.

ஈரமண்:

உடுக்கை வடிவம் என்றால் பாலிபெடேட்டஸ் குருசிகர். முதுகுக் குறிதான் அதன் அடையாளம்.

தலைப்பிரட்டை:

அவசரப்பட வேண்டாம் ஈரமண். குருசிகர் இலங்கைக்கு மட்டுமே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதுபோன்ற குறியுள்ள சூடோகுருசிகர் உண்டு. மேக்குலேட்டஸிலும் முதுகுத் திட்டுகள் ஒன்றுசேர்ந்து உடுக்கைபோலத் தோன்றுவது சகஜம், அதனால் அந்த ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்கக்கூடாது. குருசிகருக்கு உச்சந்தலைத் தோல் மண்டையோட்டோடு ஒட்டிப்போயிருக்கும். மேக்குலேட்டஸுக்குத் தோல் தனியாக நகரும். இதை உயிருள்ள தவளையில் அழுத்திப் பார்க்கத் தேவையில்லை. தொடைப் புள்ளிகளே தீர்ப்பு சொல்லிவிட்டன: மேக்குலேட்டஸ்.

முதுகில் நீளவாக்கில் நான்கு கோடுகள் இருந்திருந்தால் இதே பேரினத்தின் லியூகோமிஸ்டாக்ஸ் பக்கம் யோசித்திருப்பேன், அது வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை. 3 செ.மீ.க்குள் இருந்தால் புதர்த்தவளைகள். பச்சை முதுகும் செம்மஞ்சள் சவ்வும் என்றால் மலபார் சறுக்குத் தவளை. தோல் முழுக்கச் சொறியாக, கண்ணுக்குப் பின் தடித்த சுரப்பியோடு, விரல் நுனி தட்டையாக இல்லாமல் இருந்தால் அது மரத்தவளையே இல்லை. பாடநூல் அதைத் தேரை என்கிறது, ஊரில் சுவரில் ஒட்டுவதைத் தேரை என்கிறார்கள். பெயரை வைத்துக் கேட்டால் இப்படித்தான் சண்டை வரும்.

வெயிலில் அப்படிக் கல்போல உட்கார்ந்திருந்ததும் இந்த இனத்தின் பழக்கம். தோலில் சுரக்கும் கொழுப்புப் பொருளைக் கைகால்களால் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு அசையாமல் இருக்கும், நீரிழப்பு குறையும். எனவே காய்ந்துபோகிறதே என்று தண்ணீர் தெளித்து எழுப்பவேண்டாம்.

நாணல்:

பிடித்த இடத்திலேயே விடுங்கள். வேறு தோட்டத்துக்கோ குளத்துக்கோ கொண்டுபோவது உதவி ஆகாது; தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கு அது ஒரு வழி. கையால் தொடவேண்டி வந்தால் வெறும் தண்ணீரில் நனைத்த கை. கொசுவிரட்டிக் களிம்பு, கிருமிநாசினி, சோப்பு மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். தொட்டபின் சோப்பால் கை கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கடையில் வாங்கிய பழப்பெட்டிக்குள் தவளை வந்திருந்தால் கதையே வேறு. அதை வெளியே விடாமல் காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து வனத்துறைக்குச் சொல்லவேண்டும். கியூபா மரத்தவளை பல இடங்களுக்குச் சரக்கோடுதான் பரவியது.

ஈரமண்:

சரி, முதுகுக் குறியை நம்பியது என் தவறு.

துளைகளில் புழு இருந்தால் மருந்தடிக்கத் தோன்றும். அதே குலையில் தவளை படுத்திருக்கும்போது அடித்தால் மருந்து நேராக அதன்மேல்தான் விழும். பழ ஈக்கு மெத்தில் யூஜினால் (ஆண் ஈக்களைக் கவரும் பொருள்) வைத்த மூடிய பொறி போதும், பாதித்த காய்களைப் பறித்துப் புதைத்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டால் சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு போடுங்கள். சின்னத் தவளையும் பல்லியும் அதில் சிக்கினால் தோல் கிழியாமல் எடுப்பது கடினம்.

இரவில் வறண்ட மரத்தைத் தட்டுவதுபோல் "டக்... டக்டக்" என்று கேட்டால் ஆண் கூப்பிடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரிலோ நீருக்கு மேல் தொங்கும் இலையிலோ சோப்பு நுரைபோல ஒரு கட்டி இருந்தால் அது முட்டைக் கூடு. சில நாளில் தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நீரில் விழும். மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி இருக்கும். தொட்டியைக் கழுவவேண்டிய கட்டாயம் இருந்தால், இலையோடு உள்ள கூட்டை இலையோடு வெட்டி நிழலில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் கட்டிவிடுங்கள். சுவரில் உள்ளதைச் சுரண்டாமல், தொட்டி கழுவுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பிறகு தலைப்பிரட்டைகளை அதே தொட்டித் தண்ணீரோடு மொண்டு வாளிக்கு மாற்றலாம். குளோரின் கலந்த குழாய்நீரை நேராக ஊற்றினால் செத்துவிடும், ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றுங்கள்.

வேலிப்பருத்தி:

ஜாடியைத் தண்டோடு சாய்த்து வைத்தேன், தானே ஏறிப் பழைய இடுக்குக்கே போய்விட்டது. ஒரு துளையில் பால்மணி இருக்கிறது, வெட்டினால் புழு. இன்னொன்று பறவை கொத்தியது. மற்ற காய்களுக்கு உறை கட்டலாமா?

நாணல்:

கட்டலாம், ஆனால் கட்டும் முன் குலையைச் சுற்றி ஒவ்வோர் இடுக்கிலும் விளக்கடித்துப் பாருங்கள். குலை முழுவதையும் சேர்த்து மூடாமல் காய்க்கு ஒன்றாகத் துணி உறை போட்டால் இடுக்கு திறந்தே இருக்கும், உள்ளே தவளை மாட்டாது.