மழை விடுமுறையில் மூன்றாம் வகுப்புக்கு என்ன அனுப்பலாம்?

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழைக்காக அடிக்கடி விடுமுறை விடுவார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப் வழியாகக் கொஞ்சம் பாடம் நடத்த விரும்புகிறேன்.

கொரோனா காலத்தில் செய்த தவறை மீண்டும் செய்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அப்போது நாள்தோறும் நான்கு காணொளிகள் அனுப்பினேன். பல வீடுகளில் ஒரே கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சிறுமியிடமிருந்து குரல் பதிவு வந்தது. டேட்டா தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கட்டுமா டீச்சர் என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள். பின்னணியில் தம்பியின் அழுகை. இன்னும் என் காதில் நிற்கிறது அந்தக் குரல்.

இம்முறை நாளுக்கு ஒரே வேலைதான். இரண்டு நிமிடக் குரல் பதிவில் ஒரு கதையோ கணக்கோ சொல்வேன். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொன்னால் இடமதிப்பு விளங்கிவிடும். படமெடுத்து அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்குத் தனியாக என்ன கொடுக்கலாம்? கைபேசியே இல்லாத இரண்டு வீடுகளுக்கு மழைக்கு முன்பே பயிற்சித் தாள்களைக் கொடுத்து வைக்க எண்ணுகிறேன். எத்தனை நாளுக்கு உரியவை போதும்? ஆங்கிலத்துக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.