பேட்மின்டன் ஆடினா ஹார்வர்ட் சீட் கிடைக்குமா?

ஹெச்எஸ்ஆர்_அம்மா:
பெங்களூர்ல இருக்கோம், பொண்ணு 10வது, பேட்மின்டன்ல ஸ்டேட் லெவல் வரைக்கும் ஆடிருக்கா. ஒரு கன்சல்டன்ட்டப் பாத்தோம், ஸ்போர்ட்ஸ் கோட்டால ஹார்வர்ட், யேல் எல்லாம் வாங்கிடலாம், மார்க் கொஞ்சம் கம்மின்னாலும் பரவால்லன்னு சொல்லி லட்சக்கணக்குல கேக்கறார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் கட்டிடலாங்கறார். நெஜமாவே இப்படி நடக்குமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

மல்லேஸ்வரம்_மணி:
கட்டாதீங்க மேடம். விளையாட்டால சீட் கிடைக்கறது உண்மைதான், சும்மா இல்ல, ஹார்வர்ட் அட்மிஷன் முறைய எதிர்த்துப் போட்ட கேஸ்ல (ட்ரயல் 2018ல நடந்துது) வெளிய வந்த கணக்குப்படி கோச் தேர்ந்தெடுத்த பசங்கள்ல சுமார் 86% பேருக்கு சீட், எந்த ஸ்பெஷல் சலுகையும் இல்லாத சாதாரண அப்ளிகன்ட்ல 6%கூட தேறல. ஆனா நம்மூர் மாதிரி கோட்டா கிடையாது. ஒவ்வொரு டீம் கோச்சும் எனக்கு இவங்க வேணும்னு அட்மிஷன் ஆபீஸ்ல லிஸ்ட் குடுப்பாரு, அதுல பேர் இருந்தாதான் இந்தக் கணக்கெல்லாம். பேட்மின்டனுக்கு ஐவி லீக்ல (ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கற 8 யூனிவர்சிட்டி குரூப்) வர்சிட்டி டீமே, அதாவது யூனிவர்சிட்டியோட அஃபிஷியல் டீமே இல்லீங்க, கிளப் மட்டும்தான். டீமே இல்லாதப்ப உங்க ஆளு எந்தக் கோச்கிட்ட பேசப்போறாராம்? அப்ளிகேஷன்ல இன்னொரு ஆக்டிவிட்டின்னு எழுதலாம், அவ்ளோதான். கிரிக்கெட்டுக்கும் இதே கதிதான் 😀

ராகவன்_இந்திராநகர்:
நம்ம பசங்க போறது ஸ்குவாஷ் ரூட்ல. ஸ்குவாஷ் ப்ளேயர் வேலவன் செந்தில்குமார் நியூயார்க் கொலம்பியா யூனிவர்சிட்டில (அதுவும் ஐவி லீக்தான்) படிச்சு ஆடினவர்தான், ஆனா அவர் ஜூனியர்லயே இன்டர்நேஷனல் லெவல்ல ஜெயிச்சிட்டுப் போனவர். அப்புறம் மார்க் கம்மின்னா பரவால்லங்கறத அப்படியே நம்பாதீங்க, ஐவில அகாடமிக் இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்கூல் கிரேடு, சாட் (SAT) பரீட்சை ஸ்கோர் வெச்சுப் போடற ஒரு நம்பர், கோச் ஆசைப்பட்டாலும் அதத் தாண்ட முடியாது. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் தர மாட்டாங்க, குடும்ப வருமானத்தப் பாத்துதான் உதவி.

ஹெச்எஸ்ஆர்_அம்மா:
ரொம்ப தேங்க்ஸ். இதையெல்லாம் கேட்டேன், அதுக்கு அவர், அப்ப ஃபென்சிங்னு (வாள்சண்டை) போட்டுக்கலாம் ப்ரொஃபைல் நாங்களே ரெடி பண்ணிடறோம்ங்கறார்!!

தில்லி_சுதா:
அக்கா அந்த நம்பர பிளாக் பண்ணுங்க மொதல்ல. 2019ல வர்சிட்டி ப்ளூஸ்னு ஒரு காலேஜ் அட்மிஷன் ஊழல்ல அமெரிக்காவே நாறினது இதே வேலைலதான், ரிக் சிங்கர்னு ஒருத்தன் ஆடவே தெரியாத புள்ளைங்கள ப்ளேயர்னு காட்டி கோச்சுகளுக்குப் பணம் குடுத்து உள்ள நுழைச்சான், யேல் பெண்கள் ஃபுட்பால் கோச்சே மாட்டினார். சிங்கருக்கு மூணரை வருஷம் ஜெயில், பணம் கட்டின அப்பா அம்மாக்களும் உள்ள போனாங்க.

பேட்மின்டன்தான் அவளுக்குப் பிடிக்கும்னா ஐஐடி மெட்ராஸ் பாருங்களேன். 2024லேர்ந்து ஒவ்வொரு யூஜி கோர்ஸ்லயும் ஸ்போர்ட்ஸுக்கு 2 எக்ஸ்ட்ரா சீட், அதுல 1 பெண்களுக்குன்னே. பேட்மின்டன் லிஸ்ட்ல இருக்கு. ஜேஇஇ அட்வான்ஸ்ட் கிளியர் பண்ணியே ஆகணும், ஸ்டேட் லெவலும் பத்தாது, கடைசி 4 வருஷத்துல நேஷனல் மெடல் ஒண்ணாவது வேணும், அதனால இந்த வருஷம் வாங்கினாக்கூட 12வது முடிக்கறப்ப செல்லும்.