50க்கு 31, அதிலும் ஒன்று பாக்கி

ஆண்டுக்கு 50 புத்தகம் படிப்பது என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஜனவரி முதல் தேதி எல்லோரும் நோட்டில் பெயர் எழுதியபோது நானும் எழுதினேன். டிசம்பர் முடிந்தபோது என் கணக்கில் நின்றது 31. மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லிவிட்டார்கள். குன்னூர் டீச்சரக்கா 64 படித்திருக்கிறார். நம்புகிறேன். அதில் எத்தனை ஒல்லிப் புத்தகம் என்று மட்டும் நான் கேட்கவில்லை. எனக்கு 19 ஏன் விழுந்தது என்பதைச் சொல்கிறேன்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், வரத்து குறையும், மாலையில் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த மாதம் 7 புத்தகம், பிப்ரவரியில் 6. இப்படியே போனால் 78 என்று பெருக்கிப் பார்த்து மகிழ்ந்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தப் புத்தி போகாது. ஏப்ரலில் நல்ல மழை பெய்தது. தேயிலை துளிர்த்தது. சாக்குச் சாக்காகக் கொழுந்து வந்து இறங்கியது. மே மாதம் முழுவதும் ஒரே ஒரு புத்தகம்தான், அதுவும் பாதி தூக்கத்தில்.

பஸ்ஸில் படிக்கலாமே என்று கோவையில் இருக்கும் என் சித்தி மகள் சொல்கிறாள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸில் அவள் ஒருநாள் படித்துப் பார்க்கட்டும். மூன்றாவது வளைவில் எழுத்து நீந்தும். ஐந்தாவது வளைவில் புத்தகத்தை மூடிவிட்டுக் கைப்பையில் எலுமிச்சம்பழம் தேடுவோம்.

ஐப்பசி வந்தால் வேறு தொல்லை. சாலையில் மரம் விழும், கரண்ட் போகும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண் எரியும். ஈரத்தில் புத்தகம் உப்பி, அட்டையில் சாம்பல் நிறத்தில் பூசணம் படரும். அடுப்புக்கு மேல் இருக்கும் பரணில் அடுக்கி வைத்துத்தான் காப்பாற்றுகிறேன். அதனால் எங்கள் வீட்டுப் புத்தகம் எல்லாவற்றிலும் விறகுப் புகை மணக்கும். நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும்போது, உறுப்பினர் எண்ணைப் பார்க்காமலே இது யார் எடுத்தது என்று நூலகருக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி, படித்தவற்றில் சில. முதலில் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. 1963இல் வந்த நாவல், நீலகிரி மலையில் வாழும் படுகர்களின் வாழ்க்கை. எழுதியவர் மலையில் பிறந்தவர் அல்லர், முசிறிக்காரர். எங்கள் வட்டத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் படுகத் தம்பி ஒருவர் உண்டு. வெளியாள் எழுதிய புத்தகம்தானே என்று முதலில் தொடவே இல்லை. பிறகு எடுத்துப் போய் ஹட்டியில், அதாவது தன் படுக ஊரில், பாட்டிக்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டினாராம். பாட்டி நாவலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன் ஆயுளில் ஆறு முறை குறிஞ்சி பூத்ததைப் பார்த்திருப்பதாக மட்டும் சொன்னாராம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு பூப்பு. 2018இல் பூத்தது, இனி 2030. ஏழாவதையும் பார்த்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாராம். இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டிய மாதத்தில் அந்தத் தம்பி வரவில்லை, படுகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணி போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டோம்.

சா. கந்தசாமியின் ‘சாயாவன’த்தை இரண்டே நாளில் படித்தேன். கரும்பாலை வைப்பதற்காக ஒருவன் ஒரு வனத்தை வாங்கி அழிக்கிறான், அவ்வளவுதான் கதை. 1960களின் இறுதியில் வெளிவந்தது. படித்து முடித்த மறுநாள் காலையில் வேலைக்கு நடந்தபோது, சிறுவயதிலிருந்து பார்த்துவரும் தேயிலைச் சரிவு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அழகாக இருக்கிறது என்று சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முன்பு சோலை இருந்திருக்கும். எனக்குச் சோறு போடுவதும் அந்தச் சரிவுதான். இதற்குமேல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

என் கணக்கைக் கவிழ்த்தது ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்தது, தமிழில் இரா. முருகவேள். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர் டேனியல். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு 1920களில் மலையேறுகிறார்கள். முன்பணம் கடனாகிறது, கடன் கால்விலங்காகிறது.

ஜூலையில் ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன புத்தகம் என்று அம்மா கேட்டார். சொன்னேன். சத்தமாக வாசி என்றார்.

அம்மா இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட லட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, அங்கிருந்து கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். படித்தது மூன்றாம் வகுப்பு. இப்போது கண்ணில் புரை வேறு.

முதல் நாள் நாலு பக்கம் தாண்டவில்லை. மேஸ்திரி என்று வந்த இடத்தில் நிறுத்தி, “கங்காணி என்று வாசி” என்றார். ஆனைமலையில் மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, “சரி, அது வேறு தோட்டம். துரை மட்டும் அதே துரைதான்” என்றார். பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு வந்தால் ஒரு கதை, செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வந்தால் ஒரு கதை. அரைப்பேர் போட்டு, அதாவது அரைநாள் வேலை என்று எழுதி, கூலியைக் குறைத்த இடத்தில், ஐம்பது வருடம் முந்திய ஒரு கணக்கப்பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்டினார். நானும் அவர் செய்த வேலையைத்தான் செய்கிறேன் என்று நினைவுபடுத்தினேன். “அதனால்தான் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்” என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் முடியப் போகிறது, ஒரே புத்தகத்தில் நிற்கிறேன், டீச்சரக்கா நாற்பதைத் தாண்டிவிட்டார். ஒரு நாள் இரண்டு பத்தியைத் தாண்டி வாசித்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, “நடுவில் எதையோ விழுங்கிவிட்டாய் பிள்ளை” என்றார். அன்றிலிருந்து தாண்டவில்லை.

காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகும் பக்கங்கள் வந்தபோது அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். மடியில் இருந்த கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்து கிள்ளுவது போல. வாசித்து முடித்து விளக்கை அணைக்கப் போனபோதுதான் சொன்னார். அவருடைய அக்காவுக்கு ஓர் ஆண் குழந்தை இருந்ததாம். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்க அக்காவுக்கு உத்தரவு கிடைத்தபோது குழந்தை இல்லை. என் பெரியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் மடியில் வளர்ந்தவள் நான். இப்படி ஒரு பிள்ளை இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் அம்மாவே ஆரம்பித்தார். “இதை எழுதினவர் டாக்டர் என்றா சொன்னாய்? அப்படியானால் அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனது மருந்து மட்டும் இல்லை.”

வேறு புத்தகங்களை மதிய உணவு நேரத்தில் படித்தேன், அப்படித்தான் 31 வந்தது. இதை மட்டும் மாலையில், அவருடன். நவம்பரில் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் தயாரானபோது, “இன்றைக்கு வேண்டாம்” என்றார். மறுநாளும் வேண்டாம். அடுத்த வாரம், வள்ளி என்ன ஆகிறாள் என்று நீ படித்துவிட்டாயா என்று கேட்டார். படித்துவிட்டேன் என்றேன். “அப்படியானால் நீயே வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு வெந்நீர் போடப் போய்விட்டார்.

எங்கள் வட்டத்தின் விதிப்படி முடிக்காத புத்தகம் கணக்கில் சேராது. நான் முடித்துவிட்டேன், அதனால் 31 சரி. ஆனால் அந்த வரிசைக்கு நேராக ‘பாக்கி’ என்றுதான் எழுதியிருக்கிறேன், ஃபேக்டரிப் பழக்கம்.

புத்தகம் பரணில்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தேன். போன ஞாயிறு எடுத்துப் பார்த்தால், டிக்கெட் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. தூசி தட்டும்போது விழுந்திருக்கும், எடுத்து எங்கேயோ வைத்தேன் என்கிறார் அம்மா.