மே முதல் ஆகஸ்ட் வரை ரூமை என்ன செய்வது? ஒன்டாரியோ மாணவர்களுக்கு

பிப்ரவரி பிறந்தாலே புதிதாக வந்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏப்ரலில் பரீட்சை முடிகிறது, செப்டம்பரில்தான் அடுத்த வகுப்பு. நடுவில் நாலு மாதம் ரூமுக்குச் சும்மா வாடகை கட்டணுமா?" கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நான் மூன்று கோடைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் ரூமைக் காலி செய்தேன், ஒன்றில் சப்லெட் (லீஸ் என் பெயரிலேயே இருக்க, சில மாதத்துக்கு மட்டும் இன்னொருவருக்கு வாடகைக்கு) விட்டேன், ஒன்றில் பூட்டிவிட்டுப் போனேன். மூன்றிலும் அடிபட்டேன். ஆனால் அதிகம் வலித்தது காலி செய்ததுதான்.

முதலில் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். செமஸ்டர் முடிந்தால் லீஸும் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் 1-இல் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆகஸ்ட் 31 வரை வாடகை உங்கள் தலையில்தான். அந்த வருடம் முடிந்தாலும் லீஸ் தானாகக் காலாவதி ஆகாது, அதே விதிகளோடு மாதா மாதம் ஓட ஆரம்பித்துவிடும். வெளியேற வேண்டுமானால் என்-9 என்ற காலி செய்யும் அறிவிப்புப் படிவத்தில் ஓனருக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், நீங்கள் குறிப்பிடும் கடைசி நாள் வாடகைக் காலத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். மாதா மாதம் ஓடுகிறவர்கள் ஏப்ரல் 30-இல் கிளம்ப நினைத்தால் மார்ச் 1-க்குள் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பரீட்சை மும்முரத்தில் இது ஞாபகத்துக்கு வரவே வராது. இப்போதே போனில் அலாரம் வையுங்கள்.

லீஸ் நடுவில் இருக்கிறது, ஹவுஸ் ஓனரும் விடத் தயார் என்றால் என்-11 படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாம். "சரிப்பா, போயிட்டு வா" என்று அவர் வாயால் சொன்னதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மாத வாடகை 800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி வைத்தால் நாலு மாதத்துக்கு 3,200 டாலர் போச்சு. கோடையில் ஊரே காலியாவதால் முழு வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். 550-க்கு சப்லெட் விட்டால் மாதம் 250, மொத்தம் 1,000 டாலர் கைநட்டம். காலி செய்தால் வாடகை மிச்சம்தான். ஆனால் சாமான் வைக்க ஸ்டோரேஜ் வாடகை, இரண்டு முறை வேன் செலவு எல்லாம் உண்டு. அதோடு செப்டம்பரில் புது ரூம் 900 என்றால் வருடத்துக்கு 1,200 டாலர் கூடுதல். நான் காலி செய்த வருடம் இந்தக் கடைசிக் கணக்கைப் போட்டே பார்க்கவில்லை.

புது ரூமுக்கு இப்படி வாடகை கூடக் காரணம் இங்குள்ள வாடகைச் சட்டம். 2018 நவம்பர் 15-க்கு முன்பே ஆள் குடியிருந்த வீடு என்றால், நீங்கள் அங்கே இருக்கும்வரை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் வாடகையை ஏற்றலாம். அதையும் 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லி, அரசு அறிவிக்கும் சதவீதத்துக்குள் ஏற்ற வேண்டும். 2025-க்கு அது 2.5, 2026-க்கு 2.1. நீங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் அடுத்து வருபவரிடம் ஓனர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படி அடுத்து வருபவர் செப்டம்பரில் திரும்பும் நீங்களாகவும் இருக்கலாம்! புதுக் கட்டடங்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. அதனால் அங்கே இருப்பவர்களும், அக்கம்பக்கத்தில் இப்போது தங்கள் வாடகையை விடக் குறைவாகக் கேட்பதைப் பார்ப்பவர்களும் தயங்காமல் காலி செய்யலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு சப்லெட்டுக்குத்தான்.

சப்லெட்டுக்கு ஓனர் சம்மதம் வேண்டும். ஆனால் காரணமே இல்லாமல் அவர் மறுக்க முடியாது. ஈமெயிலில் கேளுங்கள், பதிலையும் ஈமெயிலிலேயே வாங்குங்கள். நீங்கள் கட்டும் வாடகைக்கு மேல் சப்லெட்டில் வாங்குவது சட்டப்படி தப்பு. வாட்டர்லூ மாதிரி கோ-ஆப் (படிப்புக்கு நடுவே சில மாதம் வேலைக்கும் போகும் திட்டம்) மாணவர்கள் நிறைந்த ஊர்களில் வேலைக்கும் வகுப்புக்கும் மாறிமாறி அலைகிறவர்கள் இருப்பதால், நாலு மாதத்துக்கு மட்டும் என்று ஆள் தேடுவது சகஜம்.

செப்டம்பரில் திரும்பவே போவதில்லை என்றால் சப்லெட்டுக்குப் பதிலாக அசைன்மென்ட், அதாவது லீஸையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது. இதற்குச் சம்மதம் கேட்டு ஓனர் ஒரேயடியாக மறுத்தாலோ, 7 நாளில் பதிலே சொல்லாவிட்டாலோ, நீங்கள் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் என்-9 கொடுத்து, லீஸ் பாதியில் இருந்தாலும் 30 நாள் அவகாசத்தில் வெளியேறலாம். இது தெரியாமல் வெற்று ரூமுக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சப்லெட்டில் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைசிவரை நீங்கள்தான். உள்ளே இருப்பவர் வாடகை தராவிட்டாலும், சுவரில் ஓட்டை போட்டாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். நான் ஒரு ஜூனியர் பையனுக்கு வாய்ப்பேச்சிலேயே ரூமைக் கொடுத்துவிட்டுப் போனேன். செப்டம்பர் 1 காலை இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறக்கிறான். "அண்ணா, ரெண்டே நாள், புது ரூம் இன்னும் ரெடி ஆகல." ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை நண்பன் வீட்டு ஹாலில், ஷூ அடுக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். நல்ல பையன்தான், தப்பு என்னுடையது. வெளியேறும் தேதி, வாடகை, ஹைட்ரோவை யார் கட்டுவது, இவை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். (ஹைட்ரோ என்றால் இங்கே கரண்ட் பில். தண்ணீர் பில் என்று நினைத்து நான் இரண்டு மாதம் ஏமாந்தேன்.) தேதியையும் ஆகஸ்ட் 31 என்று போடாமல் 25 என்று போடுங்கள்.

பண விஷயத்தில் இன்னொன்று. ரூமைப் பார்க்காமலே, சப்லெட்டுக்கு வருகிறேன் என்று ஒருவர் கூடுதல் தொகைக்குச் செக் அனுப்பி, மிச்சத்தை இ-ட்ரான்ஸ்ஃபரில் திருப்பி அனுப்பச் சொன்னால் அது மோசடி. செக் சில நாள் கழித்துத் திரும்பும், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பாது.

நாலு பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டவர்கள் கவனியுங்கள். நீங்கள் மட்டும் என்-9 கொடுத்தால் உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது, மொத்த வாடகைக்கும் நால்வரும்தான் ஜவாப்தாரி. முதலில் ரூம்மேட்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பேஸ்மென்ட்டில் தங்கி ஓனர் குடும்பத்தோடு கிச்சனையோ பாத்ரூமையோ பகிர்கிறவர்களுக்கு நான் மேலே சொன்ன சட்டம் எதுவும் பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் ஓனரின் மனசும்தான்.

அட்வான்ஸாக ஓனர் வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டுமே, அதற்கு வருடா வருடம் வட்டியும் தர வேண்டும். டேமேஜுக்கு என்று தனியாக டெபாசிட் கேட்க அவருக்கு உரிமை இல்லை. காலி செய்கிறவர்கள் அந்தக் கடைசி மாதத்துக்கு இரண்டாம் முறை வாடகை கட்டிவிடாதீர்கள்.

பூட்டிவிட்டுத்தான் போவேன் என்பவர்கள் வாடகைதாரர் காப்பீடு எடுத்திருந்தால் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வீடு இத்தனை நாள் காலியாக இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் பணம் வருவது சந்தேகம். வரி ரீஃபண்டை டைரக்ட் டெபாசிட்டுக்கு மாற்றுங்கள், செக் தபால் பெட்டியில் கிடக்க வேண்டாம்.

அப்புறம் ஃபிரிட்ஜ். கரண்ட் மிச்சம் பண்ணுகிறேன் என்று பிளக்கைப் பிடுங்கி, கதவை நன்றாக மூடிவிட்டுப் போனேன். செப்டம்பரில் திறந்தால் உள்ளே சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம், ரப்பர் மடிப்புக்குள்ளும் புகுந்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷும் வினிகருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். அணைப்பதானால் துடைத்துக் காயவிட்டு, கதவு மூடிக்கொள்ளாமல் நடுவில் ஒரு துண்டை மடித்துச் செருகிவிட்டுப் போங்கள்.