ஆச்சியின் அச்சு முறுக்கு: அளவு சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆச்சி சுட்ட மாதிரியே அச்சு முறுக்கு சுட ஆசை. நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் உதவுங்கள்.

அம்மாவின் நோட்டில் பச்சரிசி, முட்டை, தேங்காய்ப்பால், சீனி, எள் என்று மட்டும்தான் இருக்கிறது. அளவே இல்லை. இடித்த ஈரமாவு 1 கிலோவுக்குப் பாலும் சீனியும் எவ்வளவு? சீனி கூடினால் உள்ளே வேகுமுன் சிவந்துவிடுகிறது.

அப்புறம், அச்சு புதிது. எண்ணெயில் நன்றாகக் காயவைத்து முக்கால் பாகம்தான் மாவில் முக்குகிறேன். இருந்தும் மாவு கழலாமல் ஒட்டுகிறது. கம்பியால் தள்ளினால் இதழ் உடைகிறது. புது அச்சைப் பழக்குவது எப்படி? கஞ்சித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா, எண்ணெயிலா? எத்தனை நாள்? சுட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். ஆச்சியின் ருசி எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.