தேசிய சேவை ஒற்றுமையைத் தருகிறதா? சிங்கப்பூரை முன்வைத்து ஒரு விவாதம்

ஈசூன்வாசி:
1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது அதனிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். முந்தைய ஆண்டுதான் இனக்கலவரத்தில் ரத்தம் சிந்தியிருந்தது. 1967இல் தேசிய சேவை என்ற பெயரில் ஆண்களுக்கு மட்டும் கட்டாய ராணுவ சேவை வந்ததற்குத் தற்காப்பு ஒரு காரணம் என்றால், ஒன்றாகப் பழகாத இளைஞர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது மற்றொன்று. அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவில் என் அறையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லோரும் இருந்தோம். அணிவகுப்பில் 'சேடியா' (விறைப்பாக நில்) என்ற மலாய்க் கட்டளைக்கு அத்தனை பேரின் குதிகாலும் ஒரே நேரத்தில் சேரும். வீட்டில் மாண்டரின் மட்டுமே பேசிய பக்கத்துக் கட்டில்காரனுக்கு என் ரசத்தின் ருசி பழகியதும், அவனுடைய பாட்டி இறந்தபோது நான் அவன் வீட்டுக்குப் போனதும் அந்த வாரங்களின் பலன்தான். பள்ளிக்கூடம் தராத நெருக்கம் அது.

தேக்காக்காரன்:
உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒற்றுமைக்காகவே இந்தச் சேவை என்று சொல்லும்போது, ஆரம்ப ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் அழைக்கப்படவே இல்லை என்பதை எங்கே வைப்பது? அழைப்புக் கடிதம் வராததால், வேலைக்குப் போனால் "சேவையை முடித்துவிட்டாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் அவர்கள். 1987இல் அமைச்சராக இருந்த லீ சியன் லூங், நாட்டுப்பற்றும் மதஉணர்வும் மோதக்கூடிய நிலையில் ஒரு வீரரை நிறுத்த விரும்பவில்லை என்ற பொருளில் பேசியது அண்டை நாடுகள்வரை சர்ச்சையானது. கட்டளை மலாய் மொழியில், தேசியகீதம் மலாய் மொழியில், ஆனால் நம்பிக்கை மட்டும் மலாய்க்காரர்மீது பாதி. இதை எப்படி ஒற்றுமை என்பது?

இன்னொன்று, சேவை என்றதும் மக்கள் மகிழ்ந்து ஓடிவந்த வரலாறும் இங்கு இல்லை. ஆங்கிலேய அரசு கட்டாயச் சேவையை அறிவித்தபோது, 1954 மே 13 அன்று சீனப்பள்ளி மாணவர்கள் வீதியில் இறங்கிப் போலீஸாருடன் மோதினார்கள். அந்நிய அரசுக்காக ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி.

ஈசூன்வாசி:
1954ஐயும் 1967ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஆண்டது வேறொருவர். மலாய் இளைஞர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது பிழைதான். 2009இல் முதல் மலாய் பிரிகேடியர் ஜெனரல் வந்ததை முன்னேற்றம் என்று சொல்லும்போதே, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலானது என்ற கூச்சமும் எனக்கு வருகிறது. ஆனாலும் கட்டாயத்தை எடுத்துவிட்டால் யார் யாரைச் சந்திப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளையும் வாடகை வீட்டுப் பிள்ளையும் ஒரே சேற்றில் படுக்கும் இடம் வேறு இல்லை.

தோ பாயோ அம்மா:
தம்பிமார்களே, நான் ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நிரந்தரவாசிகள். முதல் தலைமுறை என்பதால் என் கணவருக்குச் சேவை கிடையாது, அடுத்த தலைமுறையான மகனுக்கு உண்டு. "அப்பா செய்யாததை நான் ஏன் செய்ய வேண்டும்?" என்று அவன் கேட்டபோது பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. படகில் கூடப்போய், பயிற்சி முகாம் உணவுக்கூடத்தில் அவனோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து மொட்டைத்தலையோடு வந்தவனைப் பார்த்து, பத்தாண்டாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சீனத் தாத்தா மின்தூக்கியில் நின்று, "எந்தப் பிரிவு?" என்று கேட்டார். அன்றிலிருந்து பேசுகிறார்.

தேக்காக்காரன்:
அம்மா, எனக்கு உறுத்துவதும் அதுதான். ஒரு பையன் தலையை மழித்துக்கொண்ட பிறகுதான் எதிர்வீட்டுக் கதவு திறக்க வேண்டுமா? உங்களுக்கு மகள் மட்டும் இருந்திருந்தால், அந்தத் தாத்தா இன்றும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

தோ பாயோ அம்மா:
மகளும் இருக்கிறாள். அவளிடம் அவர் இன்னும் பேசவில்லை.